நாய்க்கு இடும் சோறு

நாஞ்சில் நாட்டு வீடுகளில், மதியச் சாப்பாடு முடிந்து அடுக்களையைக் கழுவிவிடுமுன், பானையின் அடியில் ஒட்டிய பருக்கைகளையும், வடித்த கஞ்சியில் மிஞ்சியதையும், மீன்சட்டியில் தங்கிய குழம்பின் வண்டலையும் ஒன்றாய்க் கலந்து, புழக்கடையில் காத்திருக்கும் நாயின் சட்டியில் ஊற்றிவிடுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். அந்த வழக்கத்தில் கருணை உண்டு. வீட்டு அன்னத்தில் வாயில்லாப் பிராணிக்கும் ஒரு பங்கு சேரவேண்டும் என்ற தர்மமும் உண்டு. எனினும், அந்தச் சட்டியில் விழுவது அப்பிராணியின் சரீரத்துக்குப் போதுமா என்ற விசாரணை மட்டும் நெடுங்காலம் நடைபெறவே இல்லை. இன்றோ, நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வளர்ப்புப் பிராணிகளுக்கென்றே கடைகள் வந்துவிட்டன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் முதலிய ஜாதிக் குட்டிகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிவரும் குடும்பத்தார், வண்ணப் பைகள் அடுக்கிய அலமாரிகளின் முன்னே நின்றுகொண்டு, எந்தப் பையை எடுப்பது என்ற ஒரே கேள்வியால் மயங்குகின்றனர். பழைய சட்டியையும் புதிய பையையும் பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கு முன்னால், நாயின் தேகம் எதை வேண்டுகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

நாய் ஓநாயின் வமிசத்தில் தோன்றியது. ஆகவே மாமிசமே அதற்கு இயற்கை ஆகாரம், சோறு அதற்கு ஒவ்வாதது என்று உறுதியாகப் பேசுவோர் இக்காலத்தில் பலர் இருக்கின்றனர். பூனையைக் குறித்து இவ்வாறு சொன்னால் அது பெரும்பாலும் பொருந்தும். நாயின் விஷயம் வேறு. 2013-ஆம் ஆண்டில், ஸ்வீடன் தேசத்து உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓநாய்களின் மரபணுக்களையும் நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு, ஓநாயினிடத்தில் இரண்டே பிரதிகளாக இருக்க, நாயினிடத்தில் 4 முதல் 30 பிரதிகள் வரை பெருகியிருப்பதைக் கண்டனர். மனிதன் பயிர் செய்யத் தொடங்கி, அவன் சிந்திய தானியத்தையும் எறிந்த கூழையும் தின்று பிழைத்த அந்தப் பழைய காலத்து நாய்கள், தம் சந்ததிக்குச் சோற்றைச் செரிக்கும் ஆற்றலை விட்டுச் சென்றிருக்கின்றன என்பது இதனால் தெளிவாகிறது. ஆகையால், திருப்பதிசாரத்து வயலில் விளைந்த அரிசியை நன்றாகக் குழைய வேகவைத்து நாய்க்கு இடுகிற வீட்டார் ஒரு பிழையும் செய்யவில்லை. சோற்றை மட்டுமே இட்டுவிட்டு, அதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிற இடத்தில்தான் துன்பம் தொடங்குகிறது.

அந்தத் துன்பம் எத்தகையது என்பதை உலகுக்கு முதன்முதலில் விளக்கிக் காட்டியவை நாய்க்குட்டிகளே என்ற வரலாற்றை நம்மில் பலர் அறியார். முதல் உலகப் போரின் காலத்தில், இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகளுக்குக் கால்கள் வளைந்து, மணிக்கட்டுகள் வீங்கி, மார்புக்கூடு ஒடுங்கும் கணைநோய் பெரிதும் பரவியிருந்தது. காற்றோட்டமின்மையே காரணம் என்றனர் சிலர். கிருமியே காரணம் என்றனர் வேறு சிலர். எட்வர்டு மெல்லன்பி என்ற மருத்துவ விஞ்ஞானி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து, தானியக் கூழும் ரொட்டியும் கொழுப்பெடுத்த பாலும் மட்டும் கொடுத்து வளர்த்து வந்தார். சில மாதங்களுக்குள், அந்த ஏழைக் குழந்தைகளுக்கு வந்த அதே நோய் அக்குட்டிகளுக்கும் வந்தது. காட் மீனின் ஈரலிலிருந்து வடித்த எண்ணெயை ஆகாரத்தோடு சேர்த்துக் கொடுத்த குட்டிகளோ நேரான கால்களோடு வளர்ந்தன. 1919-இல் அவர் இந்த முடிவுகளை வெளியிட்டார். 1922-இல் மக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அந்த எண்ணெயில் மறைந்திருந்த பொருளைப் பிரித்தறிந்து வைட்டமின் 'டி' என்று பெயரிட்டார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், சோளத்தையே நம்பி வாழ்ந்த அமெரிக்கத் தென்பகுதி ஏழைகளைக் கொன்றுகொண்டிருந்த பெல்லாக்ரா என்ற நோய்க்கு நயாசின் என்னும் ஜீவசத்துக் குறைவே காரணம் என்று புலப்பட்டதும், அதே குறைவினால் நாக்குக் கறுத்து மாயும் நாய்களை 1937-இல் எல்வெஜெம் என்பவர் நயாசின் கொடுத்துக் குணப்படுத்தியதன் வாயிலாகவே. ஆகாரத்தில் ஒரு சிறு பொருள் குறைந்தால் உடல் எவ்வாறு சீர்குலையும் என்ற பேரறிவை மனித ஜாதிக்கு ஈட்டித் தந்த பிராணிக்கே அந்த அறிவின் பயன் சென்று சேராமல் இருப்பது பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெல்லன்பியின் குட்டிகள் நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கின்றன. குழந்தைக்குக் கணைநோய் வராதிருக்க, காலை வெயிலில் கிடத்துங்கள் என்று நம் பாட்டிமார் சொன்னதில் சாஸ்திர உண்மை உண்டு. மனிதனுடைய தோல், சூரிய ஒளியைக் கொண்டு வைட்டமின் 'டி'யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதுபோல் நாய்க்குட்டியும் முற்றத்து வெயிலில் படுத்துப் புரண்டு தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் வெளியிட்ட முடிவின்படி, நாயின் தோலுக்கு அந்தச் சக்தி மிகமிகக் குறைவு. ஆண்டு முழுதும் வெயில் காயும் கன்னியாகுமரியிலே பிறந்த குட்டிக்கும், பனி மூடிய தேசத்திலே பிறந்த குட்டிக்கும், இந்த ஒரு சத்து உணவின் வழியாகவே வந்து சேரவேண்டும். கஞ்சியில் அது இல்லை. சோற்றில் அது இல்லை. மீனிலும், ஈரலிலும், முட்டையின் மஞ்சட்கருவிலும் அது இருக்கிறது.

இனி நம் சட்டிக்குள் இருப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த நாயின் உணவில், நீரை நீக்கிய எடையில் நூற்றுக்குக் குறைந்தது 18 பங்கும், வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய் நாய்க்கும் 22.5 பங்கும் புரதம் இருக்கவேண்டும் என்று அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் வரையறுத்திருக்கிறது. உலகின் பல பாகங்களில் நாயுணவு செய்வோர் இந்த அளவையே ஆதாரமாகக் கொள்கின்றனர். அரிசியில் உள்ள புரதமோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம்தான். அதையே கஞ்சியாக்கி நீர் பெருகவிட்டால், நாயின் வயிறு நிறையும், உடம்பு நிறையாது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியான விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் அரிசியோடு சரிசமமாய்ப் புழங்கும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கின் நிலை இதனினும் மெலிந்தது. 100 கிராம் கிழங்கில் ஏறக்குறைய 1 கிராம் புரதமே தேறும்.

மரச்சீனியைப் பழிப்பது என் நோக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கின் சாகுபடியை ஊக்குவித்ததும், 1942-இல் பர்மா ஜப்பானியர் வசப்பட்டு அரிசி வரத்து நின்றுபோனபோது இந்தக் கிழங்கே திருவிதாங்கூர் மக்களின் உயிரைக் காத்ததும் சரித்திரம். ஆனால் அந்த மக்கள் வெறும் மரச்சீனியைத் தின்று வாழ்ந்துவிடவில்லை. மயக்கிய மரச்சீனிக்குப் பக்கத்தில் சாளைமீன் குழம்பு இருந்தது. கிழங்கின் குறையை மீன் நிரப்பியது. இந்தச் சேர்க்கையை எந்த ரசாயன சாலையிலும் கற்காமல் அனுபவத்தால் கண்டுகொண்ட நாட்டில், கிழங்கை மட்டும் நாய்க்குத் தள்ளிவிட்டு, மீனைத் தமக்கு வைத்துக்கொள்வது நியாயமாகுமா? கிழங்கை நாய்க்குக் கொடுப்போர், தோலுரித்து, நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சை விடுவிக்கும் பொருள் உண்டு.

சாளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற ஜில்லாக்களில் மத்தி என்று வழங்கும் இந்த எளிய மீன், குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டினத்திலும் கரையிறங்கும்போது, பெரிய மீன்களை வாங்க இயலாத குடும்பத்துக்கும் கைக்கெட்டும் பண்டமாக இருக்கிறது. 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது; தோலையும் ரோமத்தையும் பளபளப்பாக வைத்திருக்கும் ஒமேகா-3 கொழுப்பும், நாம் மேலே கூறிய வைட்டமின் 'டி'யும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. தலையையும் குடலையும் நீக்கி, உப்பும் மிளகாயும் புளியும் சேர்க்காமல், குக்கரில் அரைமணி நேரம் வேகவிட்டால், அதன் முள் விரலால் நசுக்கினாலே மாவாகும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். அந்த முள்ளே நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து. நெத்திலியும் இவ்வாறே உதவும். சூரை, அயிலை முதலியவற்றின் பெரிய முட்களை மட்டும் அவசியம் நீக்கிவிட வேண்டும்.

பச்சை மீனைக் கொடுக்கலாமா என்று கேட்பவர் உண்டு. கொடுக்கலாகாது என்பதே என் துணிபு. சாளை வர்க்கத்து மீன்கள் பலவற்றில் வைட்டமின் 'பி-1'ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. நாள்தோறும் பச்சையாகவே தின்று வந்தால் நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் காணக்கூடும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடுகிறது. கருவாட்டில் உப்பு மிகுதி. பல தடவை நீரில் ஊறவைத்துக் கழுவினாலன்றி அதை நாயின் சட்டியில் போடலாகாது. கடற்கரையோரத்து வீடுகளில் நாய் வளர்ப்போர் மற்றோர் அபாயத்தையும் அறிந்திருக்க வேண்டும்: வலையிலிருந்து கழித்து மணலில் எறியப்படும் பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் கொடிய நஞ்சு உண்டு, எத்தனை வேகவைத்தாலும் அது நீங்காது, அதற்கு முறிவு மருந்தும் இல்லை.

மெல்லன்பி கொடுத்த மீன் எண்ணெயை நினைத்ததும் இந்த ஜில்லாவுக்கே உரிய ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் ஈரல் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, நம் மேற்குக் கரையோரத்தில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் வடிக்கும் தொழில் தழைத்தோங்கியது. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்ற தூத்தூர் மீனவர்களின் ஊர் இந்தக் கரையில்தான் இருக்கிறது. மெலிந்த குட்டியைக் கண்டவுடன் ஈரல் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிவிடுவது அன்பின் மிகுதியால் செய்கிற செயலே என்றாலும், அதில் செறிந்திருக்கும் வைட்டமின் 'ஏ' உடலில் தேங்கி எலும்பையும் கல்லீரலையும் கெடுக்கும் ஆதலால், மருத்துவர் அளவு சொல்லாமல் அதைத் தொடலாகாது. ஆட்டு ஈரலும் கோழி ஈரலும் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு சிறு துண்டு என்ற அளவோடு நிற்பது உத்தமம்.

சோற்றையே நம்புவது ஒரு கோடி என்றால், மாமிசத்தையே நம்புவது அதன் எதிர்க்கோடி. வசதி படைத்த சில வீடுகளில், குட்டி பலசாலியாக வளரவேண்டும் என்ற ஆசையால், எலும்பு நீக்கிய மாட்டிறைச்சியும் கோழிக்கறியும் மட்டுமே கொடுத்து வருகிறார்கள். தசையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்தோ மிகச் சொற்பம். இரத்தத்தில் சுண்ணாம்பு குறையும்போதெல்லாம் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதைப் பறித்து ஈடுகட்டும். நாளடைவில் எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்த மாத்திரத்தில் ஒடியும் நிலைக்கு வரும். தினந்தோறும் கோழிக்கறி தின்ற குட்டிக்கு எலும்பு எப்படி முறியும் என்று வீட்டார் திகைக்கிறார்கள். இந்தத் திகைப்பில் கடைக்கு ஓடிச் சுண்ணாம்புச் சத்து மருந்துப் புட்டிகளை வாங்கி வந்து அளவின்றிப் புகட்டுவது அடுத்த பிழை. 1980-களில் உட்ரெக்ட் நகரத்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு ஹாசவின்கெல் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் நடத்திய ஆராய்ச்சிகளில், அளவுக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தும் பெருஜாதிக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்குவது நிரூபிக்கப்பட்டது; அந்த இளம் வயதில், வேண்டாத சுண்ணாம்பைக் குடலிலேயே தடுத்துவிடும் சக்தி அவற்றுக்கு இல்லை. முள்ளோடு வெந்த சாளையோ, காயவைத்து மாவாய்ப் பொடித்த முட்டை ஓடோ வளர்ந்த நாய்க்குப் போதும். ஒரு முட்டையோட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அதில் பாதிப் பொடியே அதிகம்.

மீனும் மாமிசமும் புழங்காத சைவ இல்லங்களிலும் நாய் வளர்கிறது. அங்கே தயிர்ச்சோறே பெரும்பாலும் அதன் நித்திய ஆகாரம். தயிரும், நன்றாய் வெந்த சிறுபயறும், அந்த வீட்டார் மனம் ஒப்பினால் நாய்க்கு மட்டும் நாளுக்கு ஒரு வேகவைத்த முட்டையும் சேருமானால் புரதக் குறை பெரும்பாலும் தீரும். முட்டையும் வேண்டாம் என்போர், சைவ உணவிலேயே எல்லாச் சத்தும் அடங்குமாறு மருத்துவரைக் கொண்டு ஒரு பட்டியல் வகுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பால் பல நாய்களுக்கு வளர்ந்த பிறகு செரிப்பதில்லை. கழிச்சல் கண்டால் நிறுத்திவிட வேண்டும்.

விலக்க வேண்டியவற்றுள் முதலிடம் பெறுவது, நம் அடுக்களையின் பெருமையாகிய உள்ளித் தீயல் என்னும் வெங்காயக் குழம்பே. வெங்காயமும் பூண்டும், பச்சையானாலும் வறுத்தாலும் பொடியானாலும், நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஒரே வேளையில் 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே விஷமாகலாம். சிறிது சிறிதாய்ப் பல நாள் சென்றாலும் கேடு சேர்ந்துகொண்டே வரும். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, சிறுநீர் சிவந்து காணும்போதுதான் வீட்டார் விழிப்பார்கள். தீயலும் குழம்பும் பிசைந்த சோற்றை நாய்க்கு இடும் பழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இக்காரணத்தாலேயே. ஓணத்துக்கும் கலியாணத்துக்கும் வைக்கும் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை, பார்வைக்கு அற்பமாயினும், சில நாய்களுக்கு ஒரு கைப்பிடியே சிறுநீரகத்தை முடக்கிவிடும். சாக்லேட்டும், சர்க்கரையில்லாத மிட்டாய்களிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிடால் என்ற இனிப்பும் கொடியவை. வெந்த கோழியெலும்பு, பிளந்து கூராகித் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பிரியாணி தின்ற இலையை நாய்க்கு எறிகிறவர்கள் எலும்பையாவது பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் கவனித்து வீட்டிலேயே சமைத்தால் குறையொன்றும் இராதா? இராது என்று சொல்ல என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியினர், நாய்களுக்கென்று புத்தகங்களிலும் பிறவற்றிலும் வெளிவந்த 200 வீட்டுச் சமையல் முறைகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறைகளில் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்தாவது குறைந்திருந்ததாகக் காட்டினர். அவற்றுள் பல மருத்துவர்களே எழுதியவை. துத்தநாகம், தாமிரம், வைட்டமின் 'ஈ' முதலியன கண்ணுக்குத் தெரியாமல் குறைபவை. மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை நாய்க்கும் போட்டு இதைச் சரிக்கட்ட முயல்வது அபாயம். சமைத்துப் போட விரும்புகிறவர், தாம் இடுவதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலோ, திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டி, எது குறைகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே சிறந்த வழி. குட்டி வளர்ப்போர் இதைத் தள்ளிப்போடலாகாது. எலும்பு கோணிய பிறகு எந்த உணவாலும் அதை முழுதும் நிமிர்த்த முடியாது.

பையிலடைத்த உணவைப் புதுமை என்று எண்ணுவோருக்கு, அதன் வயது நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் என்பது வியப்பளிக்கலாம். அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் இங்கிலாந்துக்கு வந்தபோது, துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கடின பிஸ்கட்டுகளை நாய்கள் விரும்பித் தின்பதைக் கண்டு, கோதுமையும் காய்கறியும் மாமிசமும் சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கட் செய்து 1860 அளவில் விற்கத் தொடங்கினார் என்பது வரலாறு. மாவை மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் சமைத்து உருளைகளாகப் பிதுக்கும் இன்றைய முறை 1950-களில் வந்தது. நேர்மையாகச் செய்யப்பட்ட பையுணவு, சோறும் கஞ்சியும் கொடுக்க முடியாத எல்லாச் சத்துகளையும் கொடுக்கும், அதில் ஐயமில்லை. நேர்மையை அறிவது எப்படி என்பதே கேள்வி.

பையின் முன்புறத்தில் இருப்பது விளம்பரம். பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதையே படிக்கவேண்டும். இந்த உணவு முழுமையானது, சமச்சீரானது என்றும், குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா எந்தப் பருவத்துக்கு உரியது என்றும் அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கவேண்டும். அவ்வாறின்றி, துணையுணவு என்றோ தின்பண்டம் என்றோ இருந்தால் அதை மட்டும் நம்பி நாயை வளர்க்க முடியாது. சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. கோழி என்பது முதலாவதாக இருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. பச்சைக் கோழியில் முக்கால் பங்குக்கு நெருங்கிய அளவு நீர், அந்த நீரோடு சேர்த்தே அதன் எடை கணக்கிடப்பட்டிருக்கிறது. டப்பியிலுள்ள ஈர உணவில் 8 சதவீதம் புரதம் என்றிருப்பதைப் பார்த்து ஏமாற்றமடைவதும் வேண்டாம். அதில் நூற்றுக்கு 78 பங்கு நீரானால், நீர் நீங்கிய எடையில் புரதம் 36 சதவீதம் ஆகிறது, பெரும்பாலான உலர் உணவுகளைவிட அது மிகுதி. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் நாய்களுக்கான உணவுக்குத் தரவரைவு வகுத்திருக்கிறது. தயாரித்த தேதி, உற்பத்தித் தொகுப்பு எண், தயாரித்தவரின் முழு முகவரி ஆகிய மூன்றும் இல்லாத பையைத் திரும்ப வைத்துவிடுவதே அறிவுடைமை.

தானியமே சேராதது என்று பெருமையாய் எழுதி, அதிக விலைக்கு விற்கப்படும் பைகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. அவற்றில் அரிசிக்கும் கோதுமைக்கும் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் பெருவாரியாக இருக்கின்றன. அத்தகைய உணவுகளை உண்ட நாய்களிடத்தில், இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் நோய் காணப்படுவதாக வந்த தகவல்களின்மேல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் பொதுமக்களை எச்சரித்தது. காரணமும் காரியமும் இன்னும் முற்றும் தீர்மானமாகவில்லை. ஆயினும், ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தானியத்தோடு பழகிய பிராணிக்கு, அலர்ஜி உண்டென்று மருத்துவர் கண்டு சொல்லாத வரையில், அரிசியை விலக்கி வைப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவு என்றே கருதுகிறேன்.

இருபருவ மழையும் பெய்து, காற்றில் ஈரம் வற்றாத இந்த ஜில்லாவில், எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே எப்படி வைக்கிறோம் என்பதும் முக்கியம். 1974-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அடுத்தடுத்த மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட கிராம மக்களுக்கு மஞ்சட்காமாலையும் மகோதரமும் கண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து, அஃப்லடாக்சின் என்னும் பூசண நஞ்சே காரணம் என்று கண்டனர். அந்த வீடுகளின் உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் அதே நோயில் வீழ்ந்து மடிந்தன. பூசணம் பூத்த கடலைப் பிண்ணாக்கையும், புளித்து நூல்விட்ட சோற்றையும், புழு விழுந்த அரிசியையும், நாய்க்குத்தானே என்று சொல்லி அதன் சட்டியில் கொட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்த வேண்டும். வேகவைப்பதால் அந்த நஞ்சு அழிவதில்லை. கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் நாயுணவை மழைக்காலத்தில் வாங்கவே வேண்டாம். மலிவு என்று பெருமூட்டை வாங்காமல், ஒரு மாதத்தில் தீரும் சிறு பையை வாங்கி, அதே பையோடு மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து, தரையிலிருந்து உயர்த்தி வைக்கலாம்.

அளவைப் பற்றி. 10 கிலோ எடையும் நடுத்தர உழைப்பும் உள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். பையுணவாக இருந்தால் இது சுமார் 170 கிராம். சமைத்துப் போடுவதானால், 80 கிராம் அரிசியைக் குழைய வடித்து, 150 கிராம் சாளையை முள்ளோடு வேகவைத்துப் பிசைந்து, ஒரு முட்டையும், ஒரு கைப்பிடி பூசணியோ காரட்டோ பீன்ஸோ சேர்த்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். குட்டிக்கு, அதன் எடைக்கு எடை பார்த்தால், இதைப் போல் இருமடங்கு வரை சக்தி வேண்டும். சிறு வயிறாதலால் நாளுக்கு நான்கு வேளையாவது பிரித்துக் கொடுக்கவேண்டும். தின்றும் தேறாமல் வயிறு மட்டும் உப்பியிருக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் குறைந்திருப்பது உணவன்று, இருப்பது குடற்புழு. அதற்கு முதலில் மருந்து.

கொடுப்பதில் குறைவைவிட மிகுதியே இன்று நகரத்து வீடுகளில் தீங்கு விளைக்கிறது. 48 லாப்ரடார் நாய்களைப் பிறந்த சில வாரங்களிலிருந்து இறக்கும் வரை தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், தன் ஜோடி நாயைவிடக் கால்பங்கு குறைவாக உண்ட நாய்கள் சராசரியாக ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதித்தே வந்தது. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரியவேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்றே வளர்ந்த மெல்லுடல் ஜாதிகள். அவற்றின் விலா எலும்புகள் வெளியே தெரிவதைக் கண்டு, பட்டினி போடுகிறீர்களா என்று அயலார் கேட்டால், அதற்காக வெட்கப்பட்டு நெய்ச்சோறு போட்டுப் பருக்கவைப்பது அந்த நாய்க்குச் செய்யும் உபகாரமாகாது.

எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாற்றுவதானாலும், பழையதில் கால்பங்கைக் குறைத்துப் புதியதில் கால்பங்கைச் சேர்த்து, ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக மாற்றவேண்டும். ஒரே நாளில் மாற்றினால் வாந்தியும் கழிச்சலும் காணக்கூடும். மீனை நம்பி நாய் வளர்க்கும் குமரி ஜில்லாக் குடும்பங்களுக்கு இந்த விதி ஆண்டுதோறும் பயன்படுகிறது. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நீடிக்கிறது. அந்த இரு மாதங்களும் மீன் வரத்துச் சுருங்கி விலை ஏறிவிடும். அப்போது 150 கிராம் சாளைக்கு ஈடாக மூன்று முட்டைகளை அவித்துக் கொடுத்து, முள்ளிலிருந்து கிடைத்துவந்த சுண்ணாம்புச் சத்துக்காக அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக முட்டையோட்டுப் பொடியைச் சோற்றில் கலந்துகொள்ளலாம். படகுகள் கரையேறும் தேதி முன்கூட்டியே தெரிந்ததாதலால், மே மாதத்தின் கடைசி வாரத்திலேயே மீனைச் சிறிது சிறிதாகக் குறைத்து முட்டையைக் கூட்டத் தொடங்கிவிடுவது உசிதம்.